காலடிப்பேட்டைக்குப் போகாத பலகாரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் என்பது அம்மாவின் இடுப்பு வலியில் ஆரம்பித்து அம்மாவின் காய்ச்சலில் முடியும். நடுவில் இருந்த நாட்களைத்தான் நாங்கள் பண்டிகை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரே வாசலுக்குள் நாலைந்து குடும்பங்கள் இருந்த வீட்டில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அம்மா, நான், எனக்குக் கீழே ஒரு தம்பி. நான் சொல்லும் வருஷம் எனக்கு ஒன்பது வயதிருக்கும். கள்ளும் சாராயமும் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. சட்டம் இருந்தபடியால் எல்லாம் சந்துக்குள்ளேயே கிடைத்தது என்று அப்பா சொல்லுவார்.

குடும்பத்தில் இன்னொருவரும் உண்டு. அவர் எங்களோடு இல்லை. காலடிப்பேட்டையில் இருந்தார். ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் அத்தை, அப்பாவின் அக்கா. தாத்தாவும் பாட்டியும் ஒரே வருஷத்தில் காலராவில் போனபோது அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் முதல் சம்பளம், முதல் மாம்பழம், முதல் பலகாரம் எல்லாம் காலடிப்பேட்டைக்குப் போய்விட்டுத்தான் மற்றவர்களுக்கு. அப்பா இதை ஒருநாளும் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

பண்டிகைக்கு ஒரு மாசத்துக்கு முன்பே திராட்சை ரசம் போட்டுவிட வேண்டும். அப்பா கொத்தவால் சாவடியிலிருந்து பன்னீர் திராட்சையைக் கூடையோடு வாங்கி வருவார். அம்மா அதைக் கழுவி, துணியில் உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பாள். தினமும் காலையில் மரக் கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். அதை ஒயின் என்று சொன்னால் போலீஸ் காரியம். திராட்சை ரசம் என்று சொன்னால் சாமியார் காரியம். எங்கள் சந்தில் எல்லோரும் திராட்சை ரசம் என்றே சொன்னார்கள்.

பிறகு கல்கல். மைதாவில் முட்டையும் தேங்காய்ப் பாலும் நெய்யும் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் சின்னச் சங்கு மாதிரி வரும். அப்படி ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். அதற்கப்புறம் அச்சு முறுக்கு. பூப்போட்ட இரும்பு அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, மறுபடியும் எண்ணெயில் விட்டு உதற வேண்டும். முதல் சில முறுக்குகள் அச்சை விட்டு வரவே வராது. வாசலுக்குள் இருந்த மற்றக் குடும்பங்கள், எதிர் வீட்டு பாய், தெருமுனை மளிகைக்கடை நாடார், அப்பாவின் மேஸ்திரி, கோயில் உபதேசியார் என்று ஒவ்வொருவருக்கும் தட்டு போகும். அவர்களிடமிருந்து தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் தட்டு வந்திருக்கிறது அல்லவா.

இவ்வளவையும் செய்கிற அம்மா ஒரு துணுக்கைக்கூட வாயில் போடமாட்டாள். பாலன் இயேசு பிறக்கிற வரைக்கும் பலகாரம் வாயில் படக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் தொடலாம். ஆனால் அத்தையின் பங்கு மட்டும் பண்டிகைக்கு முன்பே போய்விடும். அத்தை ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று, குறையைச் சொல்லுவார். அது சாப்பிட்டதாகாது, சரிபார்த்ததாம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் ஒரு தங்கச்சி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சாமியார் வீட்டுக்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் போல இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நான் வந்தபோது அப்பாவும் உபதேசியாரும் குடையைப் பிடித்துக்கொண்டு காசிமேட்டுக் கல்லறையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் கால்சட்டை முழங்கால் வரை சேறாக இருந்தது. அம்மா அறையின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பசித்தது. அதைச் சொன்னேன். அம்மா எழுந்து போய்க் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

எங்கள் ஜனங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் அங்கே எண்ணெய்ச் சட்டி ஏறாது. பக்கத்து வீட்டார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதனால் அந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் இருக்காது என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். தம்பி அழுதான். அப்பாவுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாம். அவர் பஸ் பிடித்துக் காலடிப்பேட்டைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

வந்து அடுப்படி வாசலில் நின்று சொன்னார். "அக்கா சொல்லிச்சு. ஞானஸ்நானம் வாங்கின கொழந்த, நேரா மோட்சம்தானாம். சம்மனசுக்கு யாரும் துக்கம் காக்கக் கூடாதாம். காத்தா அது அங்க அழுவுமாம்."

அம்மா முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சரி" என்றாள்.

நானும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். தங்கச்சி மோட்சத்தில் சிறகு வைத்த சம்மனசாகிவிட்டதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம் எல்லாமே நன்றாக வந்தது. இதை நான் பெரியவளான பிறகும் பலதடவை யோசித்திருக்கிறேன். ரசம் தெளிந்து, கோயில் கண்ணாடி ஜன்னலில் வெயில் பட்ட மாதிரி நிறம் கொடுத்தது. கல்கல் வாயில் போட்டால் கரைந்தது. அச்சு முறுக்கு முதல் தடவையிலேயே அச்சை விட்டுக் கழன்று எண்ணெயில் மிதந்தது. பக்கத்துக் குடித்தனத்து அக்கா வந்து பார்த்துவிட்டு, "இந்த வாட்டி கை நல்லா வந்துகீதும்மா" என்றாள். அம்மா ம் என்றாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போவதை நான் பார்த்தேன். கண் திறந்துதான் இருக்கும். அச்சு எண்ணெயில் இருக்கும். முறுக்கு சிவந்து கறுக்கப் போகும் நேரத்தில் கை தானாக உதறும். ஒருநாள் மாவு பிசைந்த கையோடு சுவரில் சாய்ந்து நின்றவள், நான் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. தேங்காய்ப் பால் சிந்திவிட்டது என்று நினைத்தேன்.

பண்டிகைக்கு ரெண்டு நாளைக்கு முன்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தையின் பங்கை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் கிளம்பினோம். பெரிய சதுர பிஸ்கட் டின் நிறையக் கல்கல்லும் அச்சு முறுக்கும். ஒரு சர்பத் பாட்டிலில் திராட்சை ரசம். பாட்டிலை அப்பாவின் பழைய துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்து, யாராவது கேட்டால் மருந்து என்று சொல்லச் சொன்னாள் அம்மா. கல்மண்டபத்தில் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எப்போதும் அது எனக்கோ தம்பிக்கோ போய்விடும்.

தண்டையார்பேட்டை தாண்டும்போதே அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிட்டாள். காலடிப்பேட்டை வந்தது. கண்டக்டர் பெயரைக் கூவினார். நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, காலடிப்பேட்ட."

"தெரியும்."

அவள் தூங்கவில்லை. நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தாள். எழவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அத்தை வீட்டுத் தெருமுனையும், அங்கே இருந்த சைக்கிள் கடையும் ஜன்னலில் வந்து பின்னால் போயின.

கண்டக்டர் வந்தார். "இன்னாம்மா, காலடிப்பேட்டைக்குத்தான டிக்கெட்டு வாங்கின? எறங்காம ஒக்காந்துகினு கீற?"

"எண்ணூருக்குக் குடுப்பா" என்றாள் அம்மா.

எண்ணூரில் எங்களுக்கு யாரும் கிடையாது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். திருவொற்றியூர் கோயில் கோபுரம் போயிற்று. தொழிற்சாலைகளின் நீளமான மதில்கள் போயின. எர்ணாவூரைத் தாண்டியதும் வலது பக்கம் கடல் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து எங்களோடு ஓடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேலை இல்லாததால் அவளுடைய கைகள் ரெண்டும் டின்னின் மேல் மல்லாந்து கிடந்தன. எண்ணெய் தெறித்த கொப்புளங்கள் மணிக்கட்டு வரை இருந்தன.

பஸ் நின்ற இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக நடந்தோம். தோப்பு முடிந்ததும் ஆறு கடலில் சேரும் இடம் வந்தது. அகலமான தண்ணீர். அக்கரையில் மணல் திட்டு. எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புகைபோக்கி பாதி உயரத்தில் நின்றது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் அம்மா உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள். டின்னின் மூடியைத் திறந்தாள்.

"அது அத்தையோடது" என்றேன்.

"அத்தைக்குப் பல்லு வலி."

"யார் சொன்னாங்க?"

"நான்தான் சொல்றேன்."

ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். இன்னொன்று. அப்புறம் ஒரு கை நிறைய. அச்சு முறுக்கு ஒன்றை உடைத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். பாலன் இன்னும் பிறக்கவில்லையே என்றேன். தின்னுடி என்றாள். தின்றேன். பாவம் என்று தெரிந்தே தின்றதாலோ என்னவோ, அவ்வளவு ருசியான அச்சு முறுக்கு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தாள். அடித்தரையைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரையேறி வந்து, பறியை வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அம்மாவைவிட வயதில் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"யாரு வூட்டுக்கும்மா வந்த?"

"யாரு வூட்டுக்கும் இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம்?"

"சும்மா."

அந்தப் பெண் அதற்குச் சிரிக்கவில்லை. சும்மா வருவது என்பது எல்லோரும் செய்கிற காரியம்தான் என்பது மாதிரி தலையை ஆட்டிவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அம்மா டின்னை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அச்சு முறுக்கை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பூவைப் பார்த்து, பிறகு கடித்தாள்.

"எந்தக் கடைலம்மா?"

"நான் செஞ்சதுதான். எங்க பண்டிகைக்கு."

"நல்லாக் கீது. அத்தினியும் நீயேவா செஞ்ச?"

"ஆமா."

"இடுப்பு வுட்டுப் பூடுமே" என்றாள் அவள். அந்த வருஷம் எங்கள் பலகாரத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று அது.

அம்மா என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். துண்டைப் பிரித்தாள். மூடியைத் திறந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாராயமா?" என்று கேட்டாள். "திராட்சை ரசம்" என்றாள் அம்மா. பெண் ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, இனிப்புப் போட்ட கஷாயம் மாதிரி இருக்கிறது என்றாள். அம்மாவும் குடித்தாள். எனக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். போலீஸ் வருகிறதா என்று நான் தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே குடித்தேன். வந்தது ஒரு நாய். அதற்கும் கல்கல் கிடைத்தது.

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மார்பைப் பார்த்தாள்.

"பெத்து எத்தினி நாள் ஆச்சு?"

"மழைல."

"கொழந்த எங்க, வூட்ல வுட்டுட்டு வந்தியா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். எந்தக் கேள்விக்கு இல்லை என்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் குழப்பம் ஏதும் இல்லை. நனைந்த கையை அம்மாவின் முழங்காலில் வைத்தாள்.

"பொண்ணா?"

"பொண்ணு."

"பேர் வெச்சியா?"

அம்மா பேரைச் சொன்னாள். ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சம்மனசு என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அது யார் பேர் என்றே எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் அதைத் தன் வாயில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். தப்பாகத்தான் சொன்னாள். எங்கள் பேர்கள் அவளுக்குப் பழக்கமில்லை. அம்மா திருத்திச் சொன்னாள். அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை சரியாக வந்தது.

அம்மா அழுதிருப்பாள் என்று நினைப்பீர்கள். அழவில்லை. டின்னைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படாமல், தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நானும் அந்தப் பெண்ணும் எங்கள் பங்குக்குச் சாப்பிட்டோம். டின்னின் அடியில் சர்க்கரைத் தூள் மட்டும் இருந்தபோது வெயில் தணிந்திருந்தது. அந்தப் பெண் எழுந்து, பறியைக் கவிழ்த்து, துள்ளிக்கொண்டிருந்த இறாலில் பாதியை டின்னுக்குள் போட்டாள். அம்மா வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. மறுபடியும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டாள். அவள் பேரை நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, இவ்ளோ நேரம்? அக்கா நல்லாக் கீதா? இன்னா சொல்லிச்சு?"

அம்மா டின்னை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா திறந்தார். இறால் ஒன்று எகிறி அவர் மேல் விழுந்தது.

"அக்கா குடுத்துதா?"

"இல்ல. எண்ணூர்ல ஒரு பொம்பள குடுத்தா" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஒரு தட்டை எடுத்துவந்து வாசலிலேயே உட்கார்ந்து இறாலைத் தோலுரிக்க ஆரம்பித்தார்.

பண்டிகை அன்று மத்தியானம் அத்தையும் மாமாவும் கைரிக்ஷாவில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அத்தை வெள்ளைப் பட்டுப் புடவையில், கழுத்தில் ஜெபமாலையோடு, கட்டிலில் நடுவாக உட்கார்ந்தார். மாமா வழக்கம்போல அத்தைக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் ஸ்தோத்திரம் சொன்னோம். அத்தை எங்கள் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டார்.

"காலடிப்பேட்டைக்கு இப்பல்லாம் பஸ்ஸு வர்றதில்லையா?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அது வந்துக்கா... பையனுக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல் அனலா அடிச்சுகினு..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி ரெண்டு கையிலும் கல்கல்லை வைத்துக்கொண்டு கத்தியபடி அறைக்குள் ஓடிவந்து, கட்டிலைச் சுற்றிவிட்டு வெளியே ஓடினான்.

"நான் தின்னுட்டேன் அண்ணி."

அம்மா அடுப்படி வாசலில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். முந்தானையில் மஞ்சள் பட்டிருந்தது.

"இன்னா சொன்ன?"

"உங்களுக்கு எடுத்துகினு வந்ததுதான். காலடிப்பேட்டைல எறங்கல. எண்ணூர் போயி ஒக்காந்து தின்னுட்டேன். ரசத்தையும் குடிச்சிட்டேன். பசிச்சுது."

"டின்னு முழுக்கவா?"

"முழுக்க."

நானும் தின்றேன், அந்த இறால்காரப் பெண்ணும் தின்றாள், நாயும் தின்றது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அத்தை ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். "பாலன் பொறக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் இருந்தது.

"என் வூட்ல பொறந்தாச்சு அண்ணி" என்றாள் அம்மா. "பொறந்து, போயும் பூட்டுது."

சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா கைக்குட்டையை எடுத்து மடித்து, மறுபடியும் பிரித்தார். பக்கத்துக் குடித்தனத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை கட்டிலை விட்டு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். பட்டுப் புடவையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவின் முன்னால் போய் நின்றார். அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"போய்ப் படு."

"இன்னும் கொழம்பு தாளிக்கல அண்ணி..."

"எனக்குத் தாளிக்கத் தெரியும். நீ போய்ப் படு."

அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறையின் மூலையில் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். நாங்கள் அவளுடைய முதுகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கிறிஸ்மஸ் சாப்பாடு சாப்பிட்டோம். தட்டுச் சத்தம், தம்பியின் கூச்சல் எதுவும் அவளை எழுப்பவில்லை. அத்தை பரிமாறினார். குழம்பில் உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அண்டாவையும் எண்ணெய்ச் சட்டியையும் முற்றத்தில் போட்டு அவரே சாம்பல் வைத்துத் தேய்த்தார். வாசலுக்குள் இருந்த குடும்பங்கள் எல்லாம் எட்டிப் பார்த்தன. அத்தை நிமிரவில்லை.

"இன்னாடா பாத்துகினு நிக்கற?" என்று அப்பாவை ஒரு சத்தம் போட்டார். "போய்த் தண்ணி தூக்கினு வா."

அப்பா புதுச் சட்டையோடு தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கினார். மாமாவும் ஒரு குடம் தூக்கினார். பாதியைச் சிந்திவிட்டார்.

சாயந்திரம் கிளம்புவதற்கு முன்னால் அத்தை அம்மாவின் பாயருகில் போய் உட்கார்ந்தார். அம்மா அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். புடவை விலகித் தெரிந்த அவளுடைய பாதங்களை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையை இழுத்துப் பாதங்களை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறு வருஷத்திலிருந்து பண்டிகைக்கு முந்தின வாரம் அத்தையே மாவும் சீப்பும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். குறை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அத்தைக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அத்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கல்லறை வாசலில் கால் கழுவிக்கொண்டே அப்பா சொன்னார். ரெண்டு பிறந்ததாம். ரெண்டும் தங்கவில்லையாம். அந்த வருஷங்களிலும் வீட்டில் பண்டிகை நடந்ததாம். அத்தைதான் எல்லாம் செய்தாராம். எனக்கு அப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் என் காலைக் கழுவிக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கிறிஸ்மஸில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குப் பசி. ஒரு டின் பலகாரத்தையும் தானே தின்றேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுகிற அளவுக்குப் பசி. யோசித்துப் பார்த்தால் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியைச் சுரண்டுவாள். அதைச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது?

அதனால் மறுநாளிலிருந்து, காலையில் எனக்குக் கிடைக்கும் ஆப்பத்தில் பாதியைப் பிய்த்து, ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன். அப்பா வேலைக்குப் போனதும் அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுப்பேன். முதல் நாள் அவள் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. வாங்கி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டாள். தினமும் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, கிண்ணத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, என் தலையைத் தடவினாள்.

"போதும்டி கண்ணு. பசி போயிடுச்சு. நீ சாப்புடு."

நான் நம்பினேன். இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. முழு ஆப்பத்தையும் தின்றுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.